பிளட் அகாரில் ஹீமோலிசிஸ் சரியாக வரவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை பிடிப்பது எப்படி

பிளட் அகாரில் (ரத்தம் கலந்த வளர்ப்பு ஊடகம்), தொண்டை ஸ்வாபிலிருந்து வளர்ந்த காலனி (ஒரே கிருமி பெருகி நிற்கும் புள்ளி). பார்க்க எல்லா வகையிலும் தொண்டைத் தொற்று தரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பையோஜீன்ஸ் மாதிரியே இருக்கிறது, ஆனால் சுற்றிலும் சிவப்பணு முழுக்க உடைந்த தெளிந்த வளையத்துக்குப் (பீட்டா ஹீமோலிசிஸ்) பதிலாகப் பச்சைப் படலம் (ஆல்ஃபா). "ஆல்ஃபா, தொண்டையில் வழக்கமாக இருப்பதுதான்" என்று ரிப்போர்ட் போய்விடுகிறது. அந்தப் பச்சை கிருமியால் வந்ததா, பிளேட்டால் வந்ததா என்று கேட்க அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றுவதில்லை. பீட்டாவை ஆல்ஃபா என்று எழுதினால் ஒரு குழந்தையின் தொண்டைத் தொற்று மருந்தில்லாமல் விடப்படலாம், அதிலிருந்து சிலருக்கு ருமாட்டிக் காய்ச்சல் வரை போகலாம். அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

அடிப்படை இதுதான். ஹீமோலிசின் என்பது கிருமி வெளியே விடும் ஒரு நச்சு, அது சிவப்பணுவை உடைக்கிறது. பிளட் அகார் அந்த வேலையை நம் கண்ணுக்குக் காட்டுகிறது. ஆனால் நமக்குத் தெரியும் வளையத்தைக் கிருமி மட்டும் தீர்மானிப்பதில்லை. பேஸில் (ரத்தம் சேர்க்கும் முன் இருக்கும் அகார்) சர்க்கரை இருக்கிறதா, உப்பு போதுமா, ரத்தம் எந்த விலங்குடையது, இன்குபேட்டரில் என்ன காற்று, பிளேட் எவ்வளவு தடிமன், இத்தனையும் சேர்ந்துதான் அந்த வளையம். ஹ்யூகோ ஷாட்முல்லர் 1903-இல் ரத்த அகாரில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ்களைப் பிரித்துக் காட்டினார், ஜே. எச். பிரவுன் 1919-இல் ஆல்ஃபா, பீட்டா, காமா (வளையமே இல்லாதது) என்று வகைப்படுத்தினார். இன்றும் அதே கண்ணால்தான் பார்க்கிறோம், ஆகவே அந்தக் கண்ணை ஏமாற்றக்கூடியவை எவை என்று தெரிந்திருக்க வேண்டும்.

எதையும் சந்தேகப்படும் முன்

புது பேட்ச் பிளேட் ஊற்றினால் ஒன்றை எதுவும் போடாமல் அப்படியே 35 டிகிரியில் இரவு முழுக்க வையுங்கள். இன்னொன்றில் பீட்டா வரவேண்டிய தெரிந்த ஸ்ட்ரெய்னையும் (ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பையோஜீன்ஸ், ஏடிசிசி கிருமிச் சேமிப்பக எண் 19615), மற்றொன்றில் ஆல்ஃபா வரவேண்டியதையும் (நிமோகாக்கஸ் ஏடிசிசி 6305) போடுங்கள். கண்ட்ரோல் (இந்தத் தெரிந்த ஸ்ட்ரெய்ன்கள்) சரியாக வந்து நோயாளியின் காலனி மட்டும் வேறு மாதிரி வந்தால் அது கிருமியின் குணம். கண்ட்ரோலே தவறினால் அந்த பேட்சைத் தூக்கிப் போடுங்கள், அதில் படித்த எந்த முடிவையும் நம்ப வேண்டாம். கீழே வருவதெல்லாம் கண்ட்ரோல் தவறியபோது காரணத்தைத் தேடும் வழி.

அறிகுறி: கிருமியே போடவில்லை, பிளேட் முழுக்கத் தெளிந்து செர்ரி நிறமாகிவிட்டது

நல்ல பிளட் அகாரைத் தூக்கிப் பிடித்தால் அதன் வழியே எழுத்தைப் படிக்க முடியாது. சிவப்பணுக்கள் உடையாமல் மிதந்து ஒளியை மறைக்கும். உங்கள் பிளேட் வழியாக விரல் தெளிவாகத் தெரிகிறது என்றால் அணுக்கள் எப்போதோ உடைந்துவிட்டன, இனி எந்தக் கிருமியும் அதில் வளையம் காட்டப் போவதில்லை.

முதல் சந்தேகம் ரத்தத்தின் மேல். பாட்டிலை ஆட்டாமல் கொஞ்ச நேரம் நிற்க விட்டு மேலே நிற்கும் திரவத்தைப் பாருங்கள். வைக்கோல் நிறத்தில் இருந்தால் சரி, ஒயின் மாதிரிச் சிவந்திருந்தால் ரத்தம் ஏற்கெனவே போய்விட்டது. ஃப்ரிட்ஜின் பின்சுவரை ஒட்டி வைத்த பாட்டில் ஓரத்தில் உறைந்து போவது நிறைய இடங்களில் நடக்கிறது. உறைந்து உருகிய ரத்தத்தில் அணு மிஞ்சாது. ரத்தம் உறையாமலிருக்க ஃபைப்ரின் நீக்கும்போது கண்ணாடி மணிகளோடு வேகமாகக் குலுக்கினாலும் இதே கதைதான். மெதுவாகச் சுழற்ற வேண்டும், அவசரமே கூடாது.

ரத்தம் நன்றாக இருந்தால் அடுத்தது உப்பு. நியூட்ரியன்ட் அகாரையே பேஸாக வைத்து ரத்தம் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். பழைய ஃபார்முலா நியூட்ரியன்ட் அகாரில் மாட்டிறைச்சிச் சாறும் பெப்டோனும் மட்டும்தான், சோடியம் குளோரைடே கிடையாது. சில கம்பெனிகளின் பொடியில் லிட்டருக்கு 5 கிராம் உப்பு சேர்ந்தே வரும், சிலவற்றில் வராது. டப்பாவின் லேபிளைப் படியுங்கள். உப்பில்லாத மீடியாவில் தண்ணீர் அணுவுக்குள் புகுந்து அது வீங்கி வெடிக்கும். ஊற்றிய உடனே நன்றாக இருந்து மறுநாள் காலையில் தெளிந்து போன பிளேட் என்றால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

அறிகுறி: பிளேட் பழுப்பாக, காப்பிக் கலரில் வந்துவிட்டது

சூடு. வேறு எதையும் தேட வேண்டாம். ஆட்டோகிளேவிலிருந்து எடுத்த அகாரை 45 முதல் 50 டிகிரிக்கு இறக்கிய பிறகுதான் ரத்தம் சேர்க்க வேண்டும். கையால் தொட்டுப் பார்த்து "தாங்குகிறது, போதும்" என்று ஊற்றுவது நம்பகமில்லை. ஃபிளாஸ்கின் வெளிப்பக்கம் ஆறியிருக்கும், நடுவில் இன்னும் கொதிப்பு இருக்கும். வாட்டர் பாத்தில் வைத்துப் பொறுமையாக இறக்குங்கள். ரத்தத்தையும் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் சேர்க்காமல் அறை வெப்பத்துக்குக் கொண்டு வாருங்கள், இல்லையென்றால் சில்லென்ற ரத்தம் பட்ட இடத்தில் அகார் உறைந்து கட்டி கட்டியாக நிற்கும். சேர்த்த பிறகு குலுக்காமல் ஃபிளாஸ்கை வட்டமாகச் சுழற்றிக் கலக்குங்கள், நுரை வந்தால் பிளேட்டில் குமிழாகும், அந்தக் குமிழைப் பிறகு ஹீமோலிசிஸ் என்று படிக்கும் ஆபத்து உண்டு.

அறிகுறி: பீட்டா வரவேண்டிய கிருமி பச்சையாக வருகிறது

அதிகம் ஏமாற்றுவது இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதல் குற்றவாளி குளுக்கோஸ். பீட்டா ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சர்க்கரையைக் கண்டால் அதை அமிலமாக்கும், காலனியைச் சுற்றி பிஎச் இறங்கும், அந்த அமிலத்தில் ஹீமோகுளோபின் நிறம் மாறிப் பச்சையும் பழுப்பும் கலந்த படலமாக நிற்கும். தெளிந்த வளையம் வரவேண்டிய இடத்தில் ஆல்ஃபா மாதிரி ஒன்று தெரியும். கிருமி தன் வேலையைச் செய்தும் பிளேட் அதைத் தப்பாகக் காட்டுகிறது.

இந்தக் குளுக்கோஸ் எப்படி உள்ளே வருகிறது என்பதைக் கவனியுங்கள். டிரிப்டிக் சோய் அகாரில் சர்க்கரை இல்லை, அதனால்தான் அது பிளட் அகாருக்கு நல்ல பேஸ். டிரிப்டிக் சோய் பிராத்திலோ லிட்டருக்கு 2.5 கிராம் குளுக்கோஸ் இருக்கிறது. அகார் பொடி தீர்ந்துவிட்டது என்று, கையில் இருக்கும் பிராத் பொடியில் 1.5 சதவீதம் வெறும் அகாரைச் சேர்த்து பேஸ் தயாரித்தால், பெயர் ஏறக்குறைய ஒன்றுதான், வாசனையும் ஒன்றுதான், வளர்ச்சியும் பிரமாதமாக இருக்கும், ஹீமோலிசிஸ் மட்டும் பொய் சொல்லும். காலனி வழக்கத்தைவிடக் கொழுத்து வளர்ந்து வளையம் மட்டும் பச்சையாக இருந்தால் உடனே பேஸ் டப்பாவை எடுத்து என்னவென்று பாருங்கள்.

கொலம்பியா அகார் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதில் சத்து அதிகம், வளரக் கஷ்டப்படும் கிருமிகள்கூட நன்றாக வரும், ஆனால் மாவுச்சத்தும் சேர்ந்தே இருக்கிறது. செம்மறி ஆட்டு ரத்தம் சேர்த்த கொலம்பியாவில் சில பீட்டா ஸ்ட்ரெப்டோகாக்கஸ்கள் பச்சை கலந்த வளையம் காட்டுவது தெரிந்த விஷயம். கொலம்பியாவைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அதில் சந்தேகமான பச்சை தெரிந்தால் அதே காலனியைச் சர்க்கரை இல்லாத பேஸில் மறுபடி ஸ்ட்ரீக் செய்து (கோடிட்டு வளர்த்து) பார்த்த பிறகு எழுதுங்கள்.

சர்க்கரை வர மூன்றாவது வழி, பிளட் பேங்க் பை. காலாவதியான மனித ரத்தத்தைக் கேட்டு வாங்கி பிளேட் ஊற்றுவது பட்ஜெட் இல்லாத பல லேப்களின் நடைமுறை. அந்தப் பையில் ரத்தம் உறையாமல் இருக்க சிட்ரேட்டும், அணுக்கள் உயிரோடு இருக்க குளுக்கோஸும் சேர்த்திருப்பார்கள். சிட்ரேட் சில கிருமிகளின் வளர்ச்சியை அடக்கும். அதற்கும் மேலே, ரத்தம் கொடுத்தவருக்கு முன்பு எப்போதாவது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்று வந்திருந்தால் அவருடைய பிளாஸ்மாவில் அந்தக் கிருமியின் ஹீமோலிசின்களில் ஒன்றான ஸ்ட்ரெப்டோலைசின் ஓ-வுக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கும், அது நீங்கள் பார்க்க நினைக்கும் நச்சுகளில் ஒன்றைக் கட்டிப் போட்டுவிடும். அவர் ஆன்டிபயாடிக் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அதுவும் பிளேட்டுக்குள் வரும். அணுக்களை சலைனில் கழுவிப் போட்டால் இவற்றில் பாதி குறையும், ஆனால் ஹெச்ஐவி, ஹெபடைடிஸ் பி ஆபத்து கழுவிப் போகாது, ஊற்றுகிறவர் கையில்தான் அது முதலில் படும். தொண்டை ஸ்வாபுக்கு மனித ரத்த பிளேட்டை வைத்துக்கொள்ளக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அறிகுறி: வளையமே இல்லை, அல்லது மிக மங்கல்

பிளேட்டைப் பக்கவாட்டில் பாருங்கள். அகார் சுமார் 4 மில்லிமீட்டர் உயரம் இருக்க வேண்டும், 90 மில்லிமீட்டர் பிளேட்டுக்கு 20 முதல் 25 மில்லி வரை போதும். கெட்டியாக ஊற்றிய பிளேட்டில் மேலே தெளிந்தாலும் கீழே உடையாத அணுக்கள் தங்கி வளையத்தை மறைக்கும். ரத்தம் 5 சதவீதத்துக்கு மேல் போனாலும் அதேதான். "கலர் நன்றாக வரட்டும்" என்று கூடுதலாக ஊற்றும் பழக்கத்தை விடுங்கள்.

தடிமன் சரி என்றால் எப்படிப் பார்க்கிறீர்கள் என்று கேட்க வேண்டும். மேஜையில் வைத்து மேலிருந்து பார்த்தால் ஹீமோலிசிஸ் தெரியாது. மூடியைக் கழற்றி, பிளேட்டை டியூப் லைட்டுக்கு எதிரே பிடித்து, ஒளி பின்னாலிருந்து ஊடுருவி வரும்படி பாருங்கள். குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸின் வளையம் காலனியைவிடக் கொஞ்சம்தான் பெரிது. லிஸ்டீரியாவில் பெரும்பாலும் காலனிக்கு அடியிலேயே ஒளிந்திருக்கும், லூப்பால் (கிருமி எடுக்கும் கம்பி வளையம்) காலனியைத் தள்ளிவிட்டுப் பார்த்தால்தான் அந்த இடம் வெளிறியிருப்பது தெரியும். மைக்ராஸ்கோப்பின் குறைந்த பவரில் பிளேட்டை வைத்துப் பார்ப்பதும் நல்ல வழி: உண்மையான பீட்டா என்றால் அந்த வளையத்துக்குள் முழு அணு எதுவும் இருக்காது, ஆல்ஃபா என்றால் அணுக்களின் உருவம் இன்னும் தெரியும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் கண்ட்ரோல் மங்கலாக வந்தால் ஆக்சிஜனைப் பாருங்கள். குரூப் ஏ-க்கு, அதாவது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பையோஜீன்ஸுக்கு, இரண்டு ஹீமோலிசின்கள். ஸ்ட்ரெப்டோலைசின் எஸ் ஆக்சிஜனைத் தாங்கும், மேற்பரப்பில் நாம் பார்க்கும் வளையம் பெரும்பாலும் அதனுடையது. ஸ்ட்ரெப்டோலைசின் ஓ ஆக்சிஜன் பட்டால் செயலிழக்கும். எஸ் இல்லாத ஸ்ட்ரெய்ன் அபூர்வம், ஆனால் உண்டு, அது மேற்பரப்பில் ஹீமோலிசிஸே இல்லாதது மாதிரி நிற்கும். அதனால்தான் ஸ்ட்ரீக் செய்து முடித்ததும் லூப்பை அகாருக்குள் இரண்டு மூன்று இடத்தில் குத்தச் சொல்கிறார்கள். குத்திய கீறலுக்குள் காற்று குறைவு, ஓ அங்கே பிழைத்து வேலை செய்யும். மேலே மங்கல், கீறலில் பளிச்சென்று தெளிவு என்றால் பதில் கிடைத்துவிட்டது. ஒரு நொடி வேலை, ஆனால் நேரமில்லை என்று முதலில் விட்டுப் போவது இதைத்தான்.

அறிகுறி: நிமோகாக்கஸ் பச்சை காட்டவில்லை, பீட்டா மாதிரித் தெளிகிறது

அனேரோபிக் (ஆக்சிஜன் இல்லாத) ஜாரில் வைத்தீர்களா? ஆல்ஃபாவின் பச்சை, கிருமி விடும் ஹைட்ரஜன் பெராக்ஸைடு ஹீமோகுளோபினை ஆக்சிஜனேற்றம் செய்வதால் வருவது. ஆக்சிஜன் இல்லையென்றால் பெராக்ஸைடும் இல்லை, பச்சையும் இல்லை. அதே சமயம் நிமோகாக்கஸின் நச்சான நிமோலைசின் காற்றில்லாத இடத்தில் சிவப்பணுவை நன்றாகவே உடைக்கும், ஆகவே அதே கிருமி பீட்டாவாகத் தோன்றும். ஆல்ஃபாவைப் படிக்க வேண்டுமென்றால் 5 சதவீதம் சிஓ2 கலந்த காற்றில், இல்லையென்றால் கேண்டில் ஜாரில் (மெழுகுவர்த்தி எரியவிட்டு மூடிய ஜாடி) வையுங்கள். எந்தக் காற்றில் வைத்த பிளேட் என்று பிளேட்டின் அடியில் எழுதாமல் ஹீமோலிசிஸ் படிப்பது அர்த்தமில்லாத வேலை.

அறிகுறி: ஒரே கிருமி, இரண்டு லேபில் இரண்டு விதமாக வருகிறது

என்டரோகாக்கஸில் இந்தச் சண்டை அடிக்கடி வரும். அதன் ஹீமோலிசினான சைட்டோலைசின் குதிரை, முயல், மனித ரத்தத்தில் பீட்டா காட்டும், செம்மறி ரத்தத்தில் காட்டாது. கார்ட்னெரெல்லா வஜைனாலிஸ் மனித ரத்தத்தில் தெளிக்கும், செம்மறியில் எதுவும் தெரியாது. அர்க்கனோபாக்டீரியம் ஹீமோலிட்டிக்கமும் மனித, முயல் ரத்தத்தில்தான் தன்னை நன்றாகக் காட்டும். ஹீமோஃபிலஸ் இன்னும் வேறு மாதிரி: செம்மறி ரத்தத்தில் உள்ள என்சைம் அதன் வளர்ச்சிக்குத் தேவையான என்ஏடி என்ற பொருளைச் சிதைத்துவிடுவதால் சரியாக வளரவே வளராது. வளர்ந்ததே இல்லை என்றால் ஹீமோலிசிஸைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது.

இரண்டு லேபும் சரியாகவே படித்திருப்பார்கள், வேறு வேறு ரத்தத்தில் படித்திருப்பார்கள். பாட்டிலிலும் ரிஜிஸ்டரிலும் வெறுமனே ஆட்டு ரத்தம் என்று எழுதாமல் செம்மறியா வெள்ளாடா என்று எழுதுங்கள். புத்தகத்தில் உள்ள விவரிப்புகளில் பெரும்பாலானவை 5 சதவீதம் செம்மறி ரத்தத்தை மனதில் வைத்து எழுதியவை, உங்களுடையது வேறு என்றால் புத்தகத்தோடு நேராக ஒப்பிட முடியாது.

அறிகுறி: கேம்ப் டெஸ்டில் அம்பு வரவில்லை

இதுவும் ரத்தத்தைப் பொறுத்ததுதான். கிறிஸ்டி, அட்கின்ஸ், மன்ச்-பீட்டர்சன் மூவரும் 1944-இல் விவரித்த, குரூப் பி-யை அடையாளம் காணும் இந்த டெஸ்டில், ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸின் பீட்டா நச்சு சிவப்பணு உறையில் இருக்கும் ஸ்பிங்கோமைலினை வெட்டி உறையைப் பலவீனமாக்கும், குரூப் பி-யின் கேம்ப் புரதம் வந்து மிச்சத்தை முடிக்கும், இரண்டும் சந்திக்கும் இடம் அம்பு வடிவில் தெளியும். செம்மறியின் சிவப்பணு உறையில் உள்ள பாஸ்போலிப்பிடில் ஏறக்குறைய பாதி ஸ்பிங்கோமைலின், மனிதரில் கால்பங்கு அளவுதான். வெட்டப் போதிய ஸ்பிங்கோமைலின் இல்லாத இடத்தில் அம்பு எப்படி வரும்? செம்மறி ரத்தம் வையுங்கள், மாட்டு ரத்தமும் சரிதான்.

ரத்தம் சரி, அப்புறமும் வரவில்லை என்றால் ஸ்டஃபிலோகாக்கஸ் ஸ்ட்ரெய்ன் பீட்டா நச்சு விடுகிறதா என்று பாருங்கள். கண்ணில் பட்ட ஏதோ ஒரு ஆரியஸை வைத்து இந்த டெஸ்ட் செய்ய முடியாது, ஏடிசிசி 25923 பரவலாகப் பயன்படுவது. ஸ்டஃபிலோகாக்கஸ் கோடும் சோதிக்கும் கிருமியின் கோடும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருக்க வேண்டும், 3-4 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும், தொட்டுவிடக் கூடாது. இன்குபேட்டரில் சாதாரணக் காற்று போதும். கேண்டில் ஜாரில் வைத்தால் சில குரூப் ஏ ஸ்ட்ரெய்ன்களும் பாசிட்டிவ் மாதிரிக் காட்டிக் குழப்பும்.

அறிகுறி: நேற்று அரைகுறை வளையம், ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் இன்று தெளிவு

பயப்பட வேண்டாம், பிளேட் கெட்டுப் போகவில்லை. மேலே சொன்ன அதே ஸ்டஃபிலோகாக்கஸ் பீட்டா நச்சின் குணம் இது. 37 டிகிரியில் உறையைச் சிதைத்து வைக்கும், ஆனால் அணு முழுக்க உடையாது, மங்கலான அகன்ற வளையம்தான் தெரியும். குளிர் பட்டதும் அந்த அணுக்கள் தாங்காமல் உடைந்து வளையம் தெளியும். ஸ்டஃபிலோகாக்கஸில் இதைப் பார்த்தால் அதுவே ஒரு தகவல்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், சனிக்கிழமை மதியம் இன்குபேட்டரிலிருந்து எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்த பிளேட்டைத் திங்கள் காலை வேறொருவர் எடுத்துப் படிக்கும்போது. அவருக்கு முதல் நாள் எப்படி இருந்தது என்று தெரியாது. அதனால் 18 முதல் 24 மணி நேரத்துக்குள் ஒரு முறை படித்து ரிஜிஸ்டரில் எழுதிவிட்டு, பிறகு தேவைப்பட்டால் ஃப்ரிட்ஜில் வையுங்கள், இரண்டாவது முறை படித்ததைப் பக்கத்திலேயே "குளிரில் வைத்த பின்" என்று தனியாக எழுதுங்கள்.